தோற்றது யாரால்? ஒரு நொடியின் பழிக்கணக்கு

2013 நவம்பர் 30, சனிக்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானம். 87,451 பேர் அமரும் இடம் பிதுங்கி வழிகிறது. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. இரு அணிகளும் 28–28 என்று சமநிலை. கூடுதல் ஆட்டத்துக்குத் தயாராக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் விருந்தினராக வந்திருந்த அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் நிக் சேபன் விடுவதாக இல்லை. பந்தோடு ஓடிய தம் வீரர் எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் வைத்தபோது கடிகாரத்தில் இன்னும் ஒரு நொடி மிச்சமிருந்தது என்று நடுவர்களிடம் மல்லுக்கு நின்றார். ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரிதான். அந்த ஒரு நொடி திருப்பித் தரப்பட்டது.

வாதாடி வாங்கிய அந்த நொடியில்தான் அலபாமா தோற்றது.

அமெரிக்கக் கால்பந்தை அதிகம் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்கம். பந்தைச் சுமந்துகொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் 'டச்டவுன்', 6 புள்ளிகள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், நின்ற இடத்திலிருந்து பந்தை உதைத்து இரு கம்பங்களுக்கு நடுவே அனுப்பலாம். அது 'ஃபீல்டு கோல்', 3 புள்ளிகள். சேபன் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். 57 கஜ தூரம். கல்லூரி ஆட்டத்தில் இது அரிதாகவே கைகூடும் தூரம். உதைத்தவர் ஆடம் கிரிஃபித் என்ற இளம் மாணவர். போலந்தில் அனாதை இல்லத்திலிருந்து பதின்மூன்று வயதில் தத்தெடுக்கப்பட்டு அமெரிக்கா வந்தவர். பந்து கம்பத்தை எட்டவில்லை. எட்டாத பந்து செத்த பந்து அல்ல, எதிரணி பிடித்துக்கொண்டு ஓடலாம் என்பது விதி. கம்பத்தின் கீழே காத்திருந்த ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்தார், இடப்பக்கக் கோட்டை ஒட்டி மைதானத்தின் முழு நீளமும் ஓடினார், ஆட்டம் முடிந்தது. ஆபர்ன் 34, அலபாமா 28. 'கிக் சிக்ஸ்' என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அவர் ஓடியது 109 கஜம் என்று ஊரே சொல்கிறது. பதிவேட்டில் 100 என்றுதான் இருக்கும், ஏனென்றால் கல்லூரிக் கால்பந்துப் புள்ளிவிவரத்தில் நூறுக்கு மேல் எண்ணும் வழக்கம் இல்லை.

அன்றிரவு தொடங்கிய பஞ்சாயத்து இன்னும் முடிந்தபாடில்லை. யாரால் தோற்றோம்? அலபாமா ரசிகர்கள் இருவர் சேர்ந்தால் மூன்று பதில் கிடைக்கும். இந்தப் பதில்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஆட்டத்தைப் பற்றியும், அதைவிட அதிகமாக ரசிகர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

முதலில் இந்தப் பகையின் கனத்தைச் சொல்லிவிட வேண்டும். அலபாமா மாநிலத்துக்கென்று பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. கால்பந்திலும் இல்லை, கூடைப்பந்திலும் இல்லை, பேஸ்பாலிலும் இல்லை. மாநிலத்தின் பாசம் முழுக்க இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் பங்கு போட்டுத் தரப்பட்டிருக்கிறது: டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா, அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி ஆபர்ன். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்த ஆட்டத்துக்கு 'அயர்ன் போல்' என்று பெயர். இரும்பாலைகளால் வளர்ந்த பர்மிங்காம் நகரில் பல பத்தாண்டுகள் நடந்ததால் வந்த பெயர் அது. ஆபர்னின் சொந்த மைதானத்தில் இந்த ஆட்டம் முதன்முதலில் நடந்ததே 1989-இல்தான். அதாவது, 'எதிரி வீட்டுக்குப் போய்த் தோற்றோம்' என்ற தனி வேதனை அலபாமா ரசிகர்களுக்கு அதற்குப் பிறகே வாய்த்தது. 1989-லேயே வாய்த்தது, 30–20.

பகை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2010-இல் 24–0 என்று முன்னிலையில் இருந்த அலபாமா, சொந்த மண்ணில் 28–27 என்று தோற்றது. சில வாரங்கள் கழித்து பால் ஃபைன்பாமின் வானொலி நிகழ்ச்சிக்கு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஆபர்ன்காரர்கள் வெற்றியைக் கொண்டாடக் கூடும் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்களுக்குத் தாம் விஷம் வைத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். சொன்னது உண்மை. அந்தப் பழைய மரங்கள் பிழைக்கவில்லை. 2013 ஏப்ரலில் வெட்டி அகற்றப்பட்டன. அடுத்து அந்த ஊருக்கு அலபாமா ஆடப் போனது நாம் பேசும் இந்த ஆட்டத்துக்குத்தான். தரவரிசையில் முதலிடம், கையில் தொடர்ந்து இரண்டு தேசியப் பட்டங்கள், மூன்றாவதை நோக்கிய பயணம். முந்தைய ஆண்டு இதே ஆபர்னை 49–0 என்று நசுக்கியிருந்தது. அந்த ஆபர்ன்தான் பயிற்சியாளரை மாற்றி, கஸ் மல்ஸானைக் கொண்டுவந்து, ஒரே ஆண்டில் நான்காம் இடத்துக்கு ஏறியிருந்தது.

சரி, குற்றப்பத்திரிகைக்கு வருவோம்.

முதல் பெயர் கிரிஃபித் அல்ல, வியப்புதான். கடைசி உதையை உதைத்தவரை ரசிகர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். மாட்டிக்கொண்டவர் கேட் ஃபாஸ்டர், நான்காம் ஆண்டு மாணவர், வழக்கமாக உதைப்பவர். முதல் பாதியில் 44 கஜத்திலிருந்து அவர் உதைத்தது விலகிப் போனது. ஆட்டம் 21–21 என்று இருந்தபோது 28 கஜத்திலிருந்து உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே கச்சிதமாகப் போயிற்று. ஆனால் அந்த உதைக்கான ஆட்டம் தொடங்குமுன் அலபாமா அணியினர் செய்த ஒரு தவறுக்காக அதைச் செல்லாது என்று அறிவித்து, 5 கஜம் பின்னே தள்ளினார்கள். மறுபடி 33 கஜத்திலிருந்து உதைத்தார். தவறிவிட்டது. கடைசி மூன்று நிமிடங்களுக்குள் மூன்றாவது வாய்ப்பு, மீண்டும் 44 கஜம். இம்முறை ஆபர்ன் வீரர்கள் தடுத்துவிட்டார்கள்.

இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் முழுக்க அவருடையது என்று சொல்லத்தக்கது எத்தனை? முதலாவது அவருடையது. இரண்டாவதை அவர் சரியாகவே உதைத்திருந்தார். பிறகு தவறவிட்டதும் அவரே. மூன்றாவதில் தடுக்கும் சுவரும் விரிசல் விட்டது. ஆனால் அன்றிரவு யாருக்கும் இந்தப் பிரிவினையில் அக்கறை இருக்கவில்லை. 2011 நவம்பரில் எல்எஸ்யூ எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் சொந்த மண்ணில் 9–6 என்று தோற்ற ஆட்டத்திலும் மூன்று உதைகளைத் தவறவிட்டவர் இவர் என்ற பழைய கோப்பு வேறு தயாராக இருந்தது. ட்விட்டரில் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. வயது இருபத்தொன்றோ இரண்டோ இருக்கும். அடுத்த வாரம் வகுப்புக்குப் போக வேண்டிய மாணவர்.

உதைப்பவரின் தலையில் பழி விழுவதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மற்ற இருபத்தொரு பேரும் மோதி உருண்டு ஒரே குவியலாகக் கிடப்பார்கள். எந்தத் தடுப்பாளர் அரை நொடி தாமதித்தார் என்பது பயிற்சியாளரின் ஒளிப்பதிவு அறையில்தான் தெரியும். உதைப்பவர் மட்டும் தனியே நிற்கிறார். எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். பந்து உள்ளே போயிற்றா இல்லையா என்பதைக் கடைசி வரிசையில் வறுகடலை கொறித்துக்கொண்டிருப்பவரும் தீர்ப்பாகச் சொல்லிவிடலாம். அவர் செய்யும் வேலை ஒன்றே ஒன்று, அதில் பாதி மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. 1986-இல் ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் சிக்ஸர் கொடுத்த சேத்தன் சர்மாவை நம்மவர்கள் எத்தனை காலம் கேள்வி கேட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டே உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவர் அவர். நினைவில் நிற்பது எது?

ஃபாஸ்டருக்கு வந்த கடிதங்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அனுப்பியவர் முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், தம் கைப்பட எழுதியது. ஃபாஸ்டரின் சட்டை எண் 43. புஷ் அமெரிக்காவின் 43-ஆவது அதிபர். வாழ்க்கையில் சறுக்கல்கள் வரும், எனக்குத் தெரியும், நாளாக ஆக நீ இன்னும் உறுதியான மனிதனாவாய் என்ற பொருளில் சில வரிகள். கையெழுத்துக்கு மேலே 'இன்னொரு 43' என்று குறிப்பு. புஷ்ஷின் அரசியலைப் பற்றி என் கருத்து வேறு. ஆனாலும், ஊரே சேர்ந்து ஒருவரைத் திட்டுவது எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர் எழுதிய கடிதம் என்பதில் சந்தேகமில்லை.

அடுத்த பெயர் சேபன். உதைப்பவரைத் திட்டிக் களைத்தவர்களும், திட்டக் கூசியவர்களும் வந்து சேருமிடம். இவர்கள் கையில் இரண்டு குற்றச்சாட்டுகள். கடைசி உதையைப் பற்றியது எல்லாருக்கும் தெரியும். எனக்கு வலுவாகத் தோன்றுவது மற்றொன்று. ஆட்டம் முடிய சுமார் ஐந்தரை நிமிடம் இருந்தபோது அலபாமா 28–21 என்று முன்னிலை. பந்து ஆபர்னின் 13-ஆவது கஜக்கோட்டில். நான்காம் முயற்சி, அதாவது கடைசி முயற்சி; பந்தைத் தக்கவைக்க இன்னும் ஒரு கஜம் தேவை. அங்கிருந்து ஒரு ஃபீல்டு கோல் என்றால் 30 கஜம், அது போயிருந்தால் 31–21. ஆபர்ன் இரண்டு முறை புள்ளி எடுத்தாலொழிய எட்ட முடியாது. சேபன் உதைக்கச் சொல்லவில்லை. பந்தோடு ஓடும் வீரரான டி.ஜே. யெல்டனிடம் அதைக் கொடுத்து முட்டச் சொன்னார். ஆபர்ன் சுவர் நகரவில்லை.

காலையில் கணக்குப் போடுபவர்களுக்கு இது எளிய தவறு. ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்ட ஒரு மாணவர் ஓரத்தில் நிற்கிறார், சுற்றிலும் எண்பதாயிரம் பேர் கத்துகிறார்கள், யெல்டன் அன்று தடையின்றி ஓடிக்கொண்டிருக்கிறார். நம்பிக்கை எங்கே இருக்கிறதோ அங்கே பந்தைக் கொடுத்தார். வினோதம் என்னவென்றால், அதே ஃபாஸ்டரைத்தான் சில நிமிடங்கள் கழித்து இன்னும் 14 கஜம் தள்ளி நிறுத்தி உதைக்கச் சொன்னார். முப்பதுக்கு நம்பாதவரை நாற்பத்து நான்குக்கு நம்பியது ஏன் என்பதுதான் சேபனை நோக்கி நான் கேட்கக்கூடிய ஒரே கேள்வி.

57 கஜ உதையில் அவர் செய்த பிழை வேறு ரகம். உதைக்கச் சொன்னதில் பெரிய தவறு இல்லை. கிரிஃபித் பயிற்சியில் அந்தத் தூரத்தை எட்டுபவர்தான் என்று அவரே பிறகு விளக்கினார். சிக்கல் களத்தில் நிறுத்திய ஆட்களில் இருந்தது. ஃபீல்டு கோல் அணி என்பது எதிரிகள் உள்ளே பாய்ந்துவிடாமல் தடுக்கும் சுவர். அதில் நிற்பவர்கள் பெரும்பாலும் 130 கிலோவுக்கு மேல் எடையுள்ள மலைகள். நகராமல் நிற்பதற்குத்தான் அவர்களுக்குச் சோறு. பந்து திரும்பி வந்து, உலகின் வேகமான கால்களில் ஒன்று கோட்டை ஒட்டிப் பறந்தபோது, இந்த மலைகள் திரும்பித் துரத்த வேண்டியிருந்தது. அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: வெள்ளைச் சட்டைக்காரர்கள் பலர் முதல் சில நொடிகளுக்குப் பந்து எங்கே போகிறது என்பதையே கவனிக்கவில்லை. தங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

தடுப்பாட்டக்காரர்களைப் பற்றிப் பேச யாருக்கும் ஆர்வமில்லை. ஆனால் ஆபர்ன் அன்று ஓடியே எடுத்தது 296 கஜம். அதன் ஓட்டக்காரர் ட்ரே மேசன் மட்டும் 164. சேபனின் தற்காப்பு என்றால் கோட்டை என்று பேர். அந்தக் கோட்டைச் சுவரில் அவ்வளவு பெரிய ஓட்டை. 32 நொடிகள் மிச்சமிருந்தபோது வந்த சமன் செய்த டச்டவுனும் இந்த ஓட்டங்களால் விளைந்ததுதான். மேசன் மீண்டும் மீண்டும் ஓடினார். அலபாமாவின் கண்கள் ஓட்டத்துக்குப் பழகிவிட்டன. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரான நிக் மார்ஷல் தானும் ஓடுவதுபோல ஓரத்துக்கு வந்தார். காவலுக்கு நின்றவர் அவரை மறிக்க முன்னே பாய்ந்தார். பின்னால் சாமி கோட்ஸ் தனியாக நின்றார். மார்ஷல் கடைசி நேரத்தில் பந்தை அவர் பக்கம் வீசினார், 39 கஜம். அந்த நேரத்தில் ஆபர்னின் முன்வரிசைக்காரர்கள் விதி அனுமதிக்கும் 3 கஜத்துக்கு மேல் முன்னேறிவிட்டார்கள், நடுவர் கண்டுகொள்ளவில்லை என்பது அலபாமா தரப்பின் நிரந்தர முறையீடு. தொழில்முறை ஆட்டத்தில் இந்த வரம்பு ஒரே ஒரு கஜம். கல்லூரி ஆட்டத்தின் தாராளத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி வடிவமைத்த உத்திதான் மல்ஸானுடையது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக இதைத் தள்ளிவிட மாட்டேன். முறையீட்டில் சாரம் இருக்கிறது. ஆனால் முன்வரிசை எங்கே நின்றாலும் கோட்ஸ் தனியாக நின்றதற்கு அது பதிலாகாது.

இப்படிப் பட்டியல் நீள்கிறது. ஃபாஸ்டர், சேபன், எடை மிகுந்த சுவர், ஏமாந்த காவலர், குருட்டு நடுவர். பல ஆண்டுகளாக இந்த வாதங்களைப் படித்து வருகிறேன். இதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். பட்டியலில் இருக்கும் பெயர்களில் நடுவரைத் தவிர எல்லாரும் அலபாமாக்காரர்கள். ஆபர்ன் அதில் எங்குமே இல்லை.

இது தன்னடக்கம் போலத் தோன்றும். நம் தவறை நாமே அலசுகிறோம், எதிரியைக் குறை சொல்லவில்லை என்று. உள்ளே பார்த்தால் வேறு. நம் உதை தவறியதால் தோற்றோம் என்றால், உதை தவறாவிட்டால் ஜெயித்திருப்போம் என்று பொருள். ஆட்டத்தின் சாவி எப்போதும் நம் சட்டைப்பையில்தான் இருந்தது, நாமே தொலைத்துவிட்டோம். எதிரி வந்து பறித்துக்கொண்டு போனான் என்று ஒப்புக்கொள்வதைவிட இது எவ்வளவோ தேவலை. பழியைச் சுமத்த சொந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் கிடைத்தால், அண்டை வீட்டுக்காரனின் திறமையைப் பேச வேண்டிய அவசியமே எழாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி வீட்டுக்குள்ளேயே சுற்றி வருகிறது.

கடைசி நொடியையே எடுத்துக்கொள்வோம். கிரிஃபித் உதைக்குமுன் மல்ஸான் ஆட்டத்தை நிறுத்தி இடைவேளை கேட்டார். உதைப்பவரின் பதற்றத்தைக் கூட்டுவதற்காக எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்த இடைவேளையில் ஆபர்ன் இன்னொன்றும் செய்தது. கம்பத்தின் கீழே முதலில் நின்றிருந்த ரயன் ஸ்மித்தை அழைத்துக்கொண்டு, பந்தைத் திருப்பி ஓடுவதில் தேர்ந்த டேவிஸை அங்கே அனுப்பியது. அதாவது, பந்து எட்டாமல் போகலாம், போனால் என்ன செய்வது என்று இரு பயிற்சியாளர்களில் ஒருவர் யோசித்திருந்தார். முன்பு அலபாமாவை ஒரு கஜம்கூட நகரவிடாமல் நிறுத்தியதும், மூன்றாவது உதையைத் தடுத்ததும் ஆபர்ன் வீரர்களின் உடல்களே. 'ஃபாஸ்டர் மூன்றைத் தவறவிட்டார்' என்று சொல்லும்போது, தடுத்தவனின் கை வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறது.

வெளியூரில் தோற்றால் இந்தச் சுபாவம் இன்னும் முற்றும். சொந்த ஊரில் தோற்றால் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே வருகிறோம், எதிரணி கொண்டாடுவது கொஞ்ச நேரம்தான். வெளியூரில் அப்படி இல்லை. ஆபர்னிலிருந்து பர்மிங்காம் பக்கம் போகும் 280-ஆம் நெடுஞ்சாலையில் இருட்டில் மணிக்கணக்காகக் கார் ஓட்ட வேண்டும். பின்னாலிருந்து ஒலிப்பான் அடித்துக்கொண்டு வருபவன் ஆரஞ்சுக் கொடி கட்டியிருப்பான். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வானொலியைத் திருகினால் அழைப்பு நிகழ்ச்சிகள், ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு பெயர். எதிரியைப் பாராட்டக் கூடிய மனநிலை அந்தக் காருக்குள் உருவாக வாய்ப்பே இல்லை.

இந்தப் பழிக்குக் கொஞ்ச காலமாக விலைச்சீட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. 2013-இல் சேபனின் ஆண்டுச் சம்பளம் 50 லட்சம் டாலருக்கு மேல். அவர் அணியின் மாணவர்களுக்குச் சம்பளமே கிடையாது. அதிகபட்சம் படிப்புச் செலவுக்கான உதவித்தொகை. அந்த நிலையில் மாணவனைத் திட்டுவது அநியாயம் என்று சொல்ல ரசிகர்களிலேயே பலர் இருந்தார்கள். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். 'பாவம், மாணவன்' என்ற தடுப்புச் சுவர் இப்போது மெலிந்துவிட்டது. பயிற்சியாளர் பக்கமோ பழி ரொக்கமாகவே வெளியே போகிறது: 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பதவியிலிருந்து நீக்க டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்காக.

அலபாமா அந்த ஆண்டு தேசியப் பட்டத்துக்கு ஆடவில்லை. 'ஷுகர் போல்' என்ற பருவ முடிவு ஆட்டத்தில் ஓக்லஹோமாவிடமும் 45–31 என்று தோற்றது. ஆபர்ன் இறுதி ஆட்டம் வரை போய், ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 34–31 என்று வீழ்ந்தது. சேபனை யாரும் நீக்கவில்லை. ஆறு பட்டங்களை அலபாமாவுக்கு வாங்கித் தந்துவிட்டு 2024 ஜனவரியில் அவராகவே ஓய்வு பெற்றார்.

அதற்குள் அதே மைதானத்தில் இன்னொரு முறையும் நடந்தது. 2019, தேதி மறுபடி நவம்பர் 30. மீண்டும் ஒரு நொடி. இம்முறை முதல் பாதியின் முடிவில் நடுவர்கள் அதை ஆபர்னுக்குத் தந்தார்கள், ஆபர்ன் 52 கஜத்திலிருந்து உதைத்து 3 புள்ளிகளை எடுத்துக்கொண்டது. மீண்டும் ஒரு ஃபீல்டு கோல். கடைசி இரண்டு நிமிட வாசலில் அலபாமாவின் ஜோசஃப் புலோவாஸ் 30 கஜத்திலிருந்து உதைத்தது கம்பத்தில் பட்டுத் தெறித்தது. மீண்டும் ஒரு நூறு கஜ ஓட்டம். அலபாமாவின் மேக் ஜோன்ஸ் வீசிய பந்து சொந்த அணிக்காரர் முதுகில் பட்டு ஆபர்ன் வீரர் கைக்குப் போய் அப்படியே டச்டவுனாயிற்று. 48–45. பழி யார்மேல் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. உதைத்தவர்மேல்.

ஆனால் ஆட்டத்தை முடித்து வைத்தது வேறொன்று. சுமார் ஒரு நிமிடம் இருக்கும்போது, நான்காம் முயற்சியில், ஆபர்ன் பந்தை நீள உதைத்துத் தள்ளிவிடும் என்று எல்லாரும் நினைத்த கட்டத்தில், தன் முழு ஆட்ட அணியையும் களத்தில் நிறுத்தி, உதைக்கும் ஆளை ஓரத்தில் பந்து வாங்குபவர்போல நிற்க வைத்தது. ஆளை மாற்றுவதா வேண்டாமா என்று அலபாமா தடுமாறியது. பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். 5 கஜ அபராதத்தில் ஆபர்னுக்குப் பந்து தொடர்ந்தது, நேரம் தீர்ந்தது. அது நியாயமில்லாத ஆட்டம் என்று சேபன் பிறகு சொன்னார். அலபாமா ரசிகர்களிடம் இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள்: 'பன்னிரண்டு பேரை நிறுத்தித் தோற்றோம்' என்பார்கள்.